ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் தெரிந்த கால்

அம்பயர் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமூட்டும்படி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. உற்சாகம் வேண்டுமென்றால் சங்கத்து ஆண்டு விழாவில் மைக் பிடிக்கிறவர்கள் யாரையாவது கேளுங்கள். நான் பதினெட்டு வருடம் கல்லூரி சாஃப்ட்பாலில் அம்பயராக நின்றவன். அதில் ஒரே ஒரு சனிக்கிழமை மத்தியானத்தைப் பற்றித்தான் எனக்கு உருப்படியாகச் சொல்லத் தெரியும். அன்றைக்கு நான் விதிப்படி சரியான ஒரு முடிவைச் சொன்னேன். அதற்காக என்னை முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அதைவிடக் கேவலமான காரியத்தை என் வாழ்நாளில் நான் எந்த மைதானத்திலும் செய்ததில்லை.

உங்களில் முக்கால்வாசிப் பேர் மகளை விளையாட்டுக்குக் கொண்டுவிடப் போய், வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அம்பயரைத் திட்டித் திட்டியே ஆட்டத்தைக் கற்றவர்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் அப்படி வந்தவன்தான். எண்பதுகளின் ஆரம்பத்தில் அமெரிக்காவுக்கு வந்து மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கினோம். சுற்றிலும் இன்னும் வயல்தான் இருந்தது. நான் ஒரு மருந்து கம்பெனியில் கெமிஸ்ட், என் மனைவி ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் மகள் ஊர் லீகில் ஆடினாள். ஒரு நாள் அம்பயர் வரவில்லை. நிற்கிற அப்பாக்களில் யார் விதி தெரிந்தவர் என்று கேட்டார்கள். மற்ற அப்பாக்கள் ஆட்டத்தைப் பார்த்த நேரத்தில் நான் விதிப் புத்தகத்தைப் பார்த்தவன். கையைத் தூக்கினேன்.

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு பைத்தியமே இருந்தது. வந்த நாட்டில் சாப்பாடு, பேச்சு, சிரிப்பு எல்லாவற்றிலும் தட்டித் தடவி நடந்துகொண்டிருந்தவனுக்கு, எல்லாம் எழுதி வைத்திருக்கிற ஒரே இடம் அதுவாகத் தெரிந்தது. நாலே வருடத்தில் கல்லூரி ஆட்டங்களுக்கு என்னைப் போட்டார்கள். அந்த வட்டாரத்தில் இந்தியன் நான் ஒருவன்தான். கிரிக்கெட் ஆட்டம் பக்கத்துத் தெருவில் என்று கோச்சுகள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் விதியில் சந்தேகம் வந்தால் மூத்த அம்பயர்கள்கூட என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

பிட்சருடைய கால் பற்றிய விதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொல்வது புரியாது. பிட்சர் ஒரு வெள்ளை ரப்பர் பலகையில் காலை வைத்து நின்று, கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தைப் போடுகிறாள். போடும்போது பின்னங்கால் பலகையிலிருந்து உந்திக்கொண்டு மண்ணைத் தேய்த்தபடி வர வேண்டும். சில பேர் அந்தக் காலைத் தரையைவிட்டுத் தூக்கி, ஒரு முழம் முன்னால் ஊன்றி, அங்கேயிருந்து இரண்டாம் முறை உந்துவார்கள். காக்கை தத்துகிற மாதிரி இருக்கும். அமெரிக்கர்களும் அதைக் காக்கையின் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். தத்திப் போட்டால் பந்துக்கு வேகம் கூடும், பேட்டருக்கு நேரம் குறையும். மண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தேய்த்தால் ஒரு கோடு விழும். தத்தினால் கோடு இருக்காது, கொஞ்சம் தள்ளி ஒரு குழி இருக்கும்.

தத்தினால் தண்டனை உண்டு. அந்தக் காலத்தில் அது கடுமையானது: பேட்டருக்கு ஒரு பால், அதாவது கெட்ட பந்து என்ற கணக்கு, அப்படி நாலு சேர்ந்தால் அவள் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம்; அதோடு பேஸில் நிற்கிற ஓட்டக்காரி ஒவ்வொருத்தியும் ஒரு பேஸ் முன்னால் போவாள். மூன்றாம் பேஸில் ஒருத்தி நின்றால் அவள் நடந்தே வீட்டுக்கு, அதாவது பேட்டர் நிற்கிற ப்ளேட்டுக்கு, வந்து ஒரு ரன் எடுத்துவிடுவாள். விதிகள் பிறகு பல தடவை மாறிவிட்டன, இன்றைய விதியை உங்கள் புத்தகத்தில் பாருங்கள். இந்தக் காலைக் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் பேஸ் அம்பயர். ப்ளேட்டுக்குப் பின்னால் நிற்கிறவருக்குப் பந்தைப் பார்க்கவே நேரம் போதாது.

அன்றைக்குப் பேஸ் அம்பயர் நான். ப்ளேட்டில் நின்றவர் இருபது வருட அனுபவசாலி, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். அவர் பெயர் வேண்டாம். இரண்டு அம்பயர்களும் ஆட்டத்துக்கு முன்னால் கார் டிக்கியைத் திறந்துவைத்து, அதன்மேல் உட்கார்ந்து ஷூ மாற்றிக்கொண்டே அன்றைய ஏற்பாடுகளைப் பேசிக்கொள்வது வழக்கம். யார் எந்தப் பேஸைப் பார்ப்பது, மழை வந்தால் என்ன செய்வது, அந்த மாதிரி. எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் அவர் எப்போதும் ஒன்று சொல்வார். பிட்சரின் கால் விஷயத்தை நாமாகத் தோண்டக் கூடாது, எதிர் டீம் கோச் வாயைத் திறந்தால் மட்டும் பார்த்தால் போதும். ரெண்டு பிட்சரும் தத்தினால் ரெண்டு கோச்சும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள், ஆட்டம் ஒழுங்காக ஓடும் என்பது அவர் கணக்கு.

இது அவர் ஒருவருடைய கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். எங்கள் வட்டாரத்தில் எல்லாருமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம். வருஷக் கடைசியில் பரிசுக் கோப்பைப் போட்டிக்கு எந்த அம்பயர்களைப் போடுவது என்பதில் கோச்சுகளின் மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கு இருந்தது. சும்மா இருக்கிற கோச்சைச் சீண்டுவதற்கு யாருக்குத்தான் பைத்தியமா? புத்தகத்தை வரிக்கு வரி ஒப்பிக்கிற நானும் தலையை ஆட்டினேன். அந்த வருடம் என் பெயர் அந்தப் பட்டியலில் வரும் என்று பேச்சு இருந்தது.

ஆட்டம் பெரிய அரசுக் கல்லூரி ஒன்றின் மைதானத்தில். அவர்களுடைய கோச் ஒரு பெண்மணி. பேர் பெற்றவர், அம்பயர்கள் பயந்து சாகிற ஆள். எதிர்த்து வந்தது கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு சின்னப் பெண்கள் கல்லூரி. மொத்தமே பன்னிரண்டு பெண்கள், ஒரு மஞ்சள் பஸ். கோச்சாக வந்தவர் அங்கே சரித்திரம் சொல்லித்தருகிற, அறுபது வயதுக்காரர். ஜெயிக்கிற டீம் கோப்பைப் போட்டிக்குப் போகும், தோற்கிற டீமுக்கு அந்த வருடம் அதோடு முடிந்தது. சின்னக் கல்லூரியின் பிட்சர் ஒன்பதாம் எண் போட்டிருந்தாள். கடைசி வருடத்துப் பெண். அப்போதெல்லாம் கல்லூரி முடிந்தால் ஒரு பெண்ணுக்குச் சாஃப்ட்பாலில் போக வேறு இடம் ஏது? தோற்றால் அவளுக்கு வாழ்க்கையிலேயே அதுதான் கடைசி ஆட்டம்.

முதல் இன்னிங்ஸில் பெரிய கல்லூரியின் பிட்சர் முதல் பந்து போட்டாள். உயரமானவள், எண் இருபத்திரண்டு. பின்னங்கால் பளிச்சென்று தரையை விட்டு எழும்பியது. ஒரு முழத்துக்கு மேல் தள்ளி ஊன்றினாள். தத்தினால் அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். என் கை இடுப்பு வரைக்கும் எழும்பிவிட்டது. ப்ளேட்டைப் பார்த்தேன். முகக்கவசத்துக்குள்ளே மூத்தவர் தலையை லேசாக இடதும் வலதும் ஆட்டினார். கையை இறக்கி, பெல்ட்டைச் சரி செய்கிறவன் மாதிரி பாவனை செய்தேன்.

அடுத்த பாதியில் ஒன்பதாம் எண் வந்தாள். அவளும் தத்தினாள், ஆனால் அவ்வளவு இல்லை. ஒரு ஜாண் இருக்கும், சில பந்துகளில் அதுவும் கிடையாது, கோடு சரியாக விழுந்தது. சோர்ந்தால் தத்துகிற ரகம். யாராவது ஒருமுறை எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்ளக்கூடியது. இரண்டு பேரும் செய்கிறார்கள், ஆகவே யாருக்கும் அநியாயம் இல்லை என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானம் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

மூன்றாவது இன்னிங்ஸுக்கு முன்னால் சரித்திர ஆசிரியர் மூன்றாம் பேஸ் பக்கம் நடந்து போகும்போது என் அருகில் நின்றார். அங்கே பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் இத்தனை வருடமாக என் காதில் அது தமிழில் ஓடிக்கொண்டிருக்கிறது. “நான் சத்தம் போட வரல. அவங்க பிட்சரோட கால மட்டும் கொஞ்சம் பாருங்க,” என்றார். நான், “பார்த்துட்டுதான் இருக்கேன் கோச்,” என்றேன். அவர் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கவனியுங்கள். எங்கள் கேடுகெட்ட வழக்கப்படி பார்த்தாலும் எதிர் டீம் கோச் வாயைத் திறந்துவிட்டார். இனி நான் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அடுத்த பந்துக்கு இருபத்திரண்டு தத்தினாள், நான் பேசாமல் நின்றேன். அவர் மெதுவாகத்தானே சொன்னார், அதைப் புகார் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குள்ளே ஒரு வக்கீல் பேசிக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது இன்னிங்ஸில் சின்னக் கல்லூரிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஒருத்தி அவுட், மூன்றாம் பேஸில் அவர்களுடைய ஓட்டக்காரி. ஓட்டக்காரி மூன்றாம் பேஸில் மட்டும் நின்றால் பேஸ் அம்பயரும் அந்தப் பக்கம் போய்விட வேண்டும். மட்டையடிக்கிற டீமின் கோச் நிற்கிற இடமும் அதுதான். ஆக, சரித்திர ஆசிரியரும் நானும் பேசினால் கேட்கிற தூரத்தில் நின்றோம். இருபத்திரண்டு அன்றைய ஆட்டத்திலேயே பெரிய தத்தாக ஒன்று தத்தினாள். மண்ணில் விழுந்த குழி எங்கள் இடத்திலிருந்தே தெரிந்தது. என் கை எழும்பியிருந்தால் அந்தச் சின்னக் கல்லூரிக்கு ஒரு ரன். எழும்பவில்லை. பேட்டர் பந்தை உயரத் தூக்கி அவுட் ஆனாள், அடுத்தவள் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்டாகிப் போனாள். ஆசிரியர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு டீம் உட்காருகிற பக்கம் நடந்தார்.

இப்படியே ஏழாவது இன்னிங்ஸ், அதாவது கடைசி இன்னிங்ஸ் வந்தது. இரண்டு பக்கமும் ரன் இல்லை. சின்னக் கல்லூரி தன் முறையை ஆடி முடித்தாயிற்று, இனி பெரிய கல்லூரி ஒரு ரன் எடுத்தாலே ஆட்டம் அவர்களுக்கு; அவர்கள் மட்டையடிக்கிறார்கள், ஒன்பதாம் எண் பந்து போடுகிறாள். முதல் பெண்ணுக்கு நாலு பால் விழுந்து நடந்து போனாள். அடுத்த இரண்டு பேரும் அவுட் ஆகி, ஆளுக்கு ஒரு பேஸ் அவளைத் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் பேஸில் ஓட்டக்காரி, இரண்டு அவுட். இப்போது எனக்குப் பக்கத்தில் நிற்பது அந்தப் பெரிய கோச்.

ஒன்பதாம் எண் களைத்துப்போயிருந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. களைத்ததால் கால் அதிகமாகவே எழும்பியது. பேட்டருக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் ஆட்டம் எட்டாவது இன்னிங்ஸுக்குப் போகும். அந்த இடைவெளியில் கோச் என் பக்கம் திரும்பாமலே, மைதானத்தைப் பார்த்தபடி பேசினார்.

“விதி தெரிஞ்ச அம்பயர் இந்தப் பக்கத்துல நீங்க ஒருத்தர்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். அந்தப் பொண்ணு காலப் பாருங்க.”

அவரும் மெதுவாகத்தான் சொன்னார். அதை மறந்துவிடாதீர்கள். சரித்திர ஆசிரியர் எவ்வளவு மெதுவாகச் சொன்னாரோ அவ்வளவு மெதுவாகத்தான் இவரும் சொன்னார். மிரட்டவில்லை, கத்தவில்லை. ஆனால் இந்தத் தடவை எனக்குள்ளே இருந்த வக்கீல் வாயே திறக்கவில்லை. விதி தெரிந்தவன் என்று ஒருத்தர் சொன்னதும் என் முதுகு நிமிர்ந்துகொண்டது.

அடுத்த பந்து. கால் எழும்பியது, ஊன்றியது. என் இடது கை தானாக நீண்டது. இல்லீகல் பிட்ச் என்று சொன்னேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பந்து கடைசி நேரத்தில் இறங்கியது, பேட்டர் மட்டையைக் காற்றில் வீசினாள். மூன்றாவது ஸ்ட்ரைக். கேட்சர் பந்தை உருட்டிவிட்டுத் துள்ளினாள், மற்ற பெண்களெல்லாம் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஒன்பதாம் எண் இரண்டு முட்டியையும் மடக்கி மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். நான் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தேன். முதலில் என்னைக் கவனித்தது பெரிய கல்லூரியின் கூட்டம். அவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று அந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூத்தவர் முகக்கவசத்தைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு புத்தகத்தில் இருக்கிறபடி செய்தார். ஸ்ட்ரைக் செல்லாது, பேட்டருக்கு ஒரு பால், மூன்றாம் பேஸ்காரி வீட்டுக்கு. அவள் நடந்து வந்து ப்ளேட்டை மிதித்தாள். ஒன்றுக்குச் சைபர், ஆட்டம் முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் அம்பயர்கள் யாரிடமும் பேசாமல் சேர்ந்து வெளியேற வேண்டும் என்பது உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். நாங்கள் போனோம். கேட்டில் ஒன்பதாம் எண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய டீம், கையில் பைகளோடு. அவள் அழவில்லை. என்னை வழிமறிக்கவும் இல்லை, ஓரமாகத்தான் நின்றாள்.

“ஒரே ஒரு கேள்வி. முதல் இன்னிங்ஸ்லயும் நான் இப்படித்தான் போட்டேனா?” என்றாள்.

பார்த்ததைச் சொல்வதுதான் என் வேலை என்றேன். என்ன ஒரு பதில் பாருங்கள்.

“அப்போ முதல் இன்னிங்ஸ்ல பார்த்தீங்களா? சொல்லியிருந்தா ரெண்டாவதுலயே மாத்தியிருப்பேனே.”

மூத்தவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். நான் இழுபட்டுப் போனேன். சரித்திர ஆசிரியர் அவள் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. கார் டிக்கியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது மூத்தவர் என் முதுகில் தட்டினார். ஏழாவது இன்னிங்ஸில் அந்த முடிவைச் சொல்ல நெஞ்சில் தைரியம் வேண்டும், விதிப்படி ஒரு குறையும் இல்லை என்றார். கோச் சந்தோஷமாகப் போனதையும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் கதையைச் சொன்னேன். மூத்தவர் பாராட்டியதை முதலிலேயே சொன்னேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பொண்ணு ஸ்டார்ட்டிங்லேர்ந்தே அப்படித்தான் த்ரோ பண்ணிட்டிருந்தாளா?”

“ஆமா.”

“இன்னொருத்தி?”

“அவளும்தான். அவ இன்னும் ஜாஸ்தி.”

ஸ்டெல்லா மடித்த துணியைக் கீழே வைத்தாள். “அப்போ நீங்க ரூலை என்ஃபோர்ஸ் பண்ணல. ஆள் பார்த்துப் பண்ணியிருக்கீங்க,” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்கு ஆட்டமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது என்று கத்தினேன். அவள் துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது என்பது உண்மை. அவள் சொன்னது சரி என்பது சொன்ன அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.

பட்டியல் வந்தது, என் பெயர் இருந்தது. கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டமே அந்தப் பெரிய கல்லூரி ஆடுகிற ஆட்டம். நான் பேஸ் அம்பயர். இந்தத் தடவை யார் தலையை ஆட்டினாலும் பார்ப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். இருபத்திரண்டு முதல் பந்தைத் தத்திப் போட்டாள். கையை நீட்டினேன். இரண்டாவது பந்தைத் தத்திப் போட்டாள், மறுபடியும் நீட்டினேன். கோச் ஆட்டத்தை நிறுத்த நேரம் கேட்டு, நிதானமாக நடந்து என்னிடம் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

“போன வாரம் ஏழு இன்னிங்ஸும் இதே பொண்ணு இதே மாதிரிதானே போட்டா? ஒரு வாரத்துல என்ன மாறுச்சு?” என்று கேட்டார்.

அந்த அம்மாளை எனக்குப் பிடிக்காது. ஆனால் கேள்வியில் என்ன தப்பு? கேட்டில் நின்ற பெண் கேட்டதும் இதைத்தானே? இவர்களுடைய பிட்சருக்கும் யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. முதல் இன்னிங்ஸில் வாயை மூடியவன் நான், போன வாரம் அவளுக்கு அனுமதி கொடுத்தவன் நான். விதிப்படிதான் சொல்கிறேன் என்று முனகினேன். அவர் சிரித்துவிட்டுத் திரும்பினார். இருபத்திரண்டு காலைத் தேய்த்துப் போட முயன்று, வேகமெல்லாம் போய், மூன்றாவது இன்னிங்ஸில் அழுதுகொண்டே வெளியே போனாள். அவளுக்கும் அப்போது இருபது வயதுதான். அடுத்த வருடத்திலிருந்து பட்டியலில் என் பெயர் வரவே இல்லை. அதற்காக யாரும் என் மேல் இரக்கப்பட வேண்டாம், அது எனக்கு வேண்டியதுதான்.

பாடம் சொல்லாமல் விடக் கூடாது என்று கேட்டிருந்தார்கள், சொல்லிவிடுகிறேன். முதலில் விட்டதைக் கடைசியில் பிடிக்காதே என்று சில பேர் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஏழாவது இன்னிங்ஸில் நான் கையைத் தூக்கியதும் தப்பு, தூக்காமல் விட்டிருந்தாலும் தப்பு. அந்த நேரத்தில் எனக்குச் சரியான வழி என்று ஒன்று மிச்சமே இருக்கவில்லை. அது இருந்தது முதல் இன்னிங்ஸில், பேஸில் ஒருத்தியும் இல்லாதபோது, யாருக்கும் ஒரு பாலுக்கு மேல் நஷ்டமில்லாதபோது. நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று என்னைக் கேட்கிறீர்கள். நெருக்கடி வருவதற்கு ஆறு இன்னிங்ஸுக்கு முன்னாலேயே நான் முடிவெடுத்துவிட்டேன், பெல்ட்டைச் சரி செய்கிற சாக்கில். நீங்களும் அங்கேதான் எடுப்பீர்கள். கார் டிக்கியில் உட்கார்ந்து யாராவது காலைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னால், அங்கேயே மாட்டேன் என்று சொல்லுங்கள். உங்களைப் பட்டியலில் போட மாட்டார்கள். போகட்டும்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நான் ஏதோ திருந்திய யோக்கியன் மாதிரி தெரிவேன்.

அந்த வருடம் முழுக்க மனது ஆறவில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் விளையாட்டு என்றதும் லேசாக எடுத்துக்கொண்டு, மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் கார் சாவியைத் தேடிக்கொண்டே, “ஃபாதர்கிட்ட சொன்னீங்க சரி. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?” என்றாள்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பெண்ணின் பெயர் தெரேசா என்று ஸ்கோர் அட்டையில் பார்த்திருந்தேன். கல்லூரி முகவரிக்கு, அவளுக்குச் சேர்ப்பிக்கும்படி அனுப்பினேன். எதையும் மறைக்கவில்லை. முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு பேர் காலையும் பார்த்தேன் என்று எழுதினேன். உன் கோச் மூன்றாவது இன்னிங்ஸில் என்னிடம் சொன்னார், ஐந்தாவது இன்னிங்ஸில் உங்களுக்கு ஒரு ரன் வந்திருக்க வேண்டும், அதை நான் கொடுக்கவில்லை என்று எழுதினேன். நீ தோற்கவில்லை என்றும் எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வந்தபோது எனக்கு உடம்பே லேசாக இருந்தது. அந்த லேசுக்காகத்தான் எழுதினேன் என்பது அப்போது புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கோடு போட்ட தாளில் அரைப் பக்கம்தான்.

“உங்கள் கடிதம் கிடைத்தது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். அவர்களுடைய பிட்சர் தத்தியதை நாங்கள் எல்லாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தோம். கேட்டில் நின்று உங்களைக் கேட்டது எனக்குத் தெரிந்துகொள்வதற்காக இல்லை. என் பின்னால் என் டீம் நின்றுகொண்டிருந்தது. என் காலால் அவர்கள் தோற்றார்கள் என்று எண்ணிக்கொண்டு அவர்கள் பஸ் ஏறக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்னோடு யாரும் பேசவில்லை. இப்போது நாங்கள் பன்னிரண்டு பேரும் எங்கெங்கேயோ இருக்கிறோம். இந்தக் கடிதத்தை நான் யாரிடம் காட்டுவது?”

கீழே கையெழுத்துப் போட்டு, எண் ஒன்பது என்றும் எழுதியிருந்தாள். நான் அதற்குப் பதில் எழுதவில்லை.